கன்சைன்மென்ட்டில் கேலரிக்குப் படம் கொடுக்கிறேன், என்ன எழுதி வாங்கணும்?

பிரிவு: பெங்களூரு ஓவியர்கள், சிற்பிகள் / விற்பனை, கணக்கு, சட்டம்

அல்சூர்_தூரிகை:

எல்லாருக்கும் வணக்கம். அல்சூர்ல இருக்கேன். அக்ரிலிக், கேன்வாஸ். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தெருக்கள்தான் அதிகம் வரையுறது. இதுவரைக்கும் ஜனவரியில குமார கிருபா ரோட்டுல நடக்குற சித்ர சந்தையிலயும் இன்ஸ்டாகிராம்லயும் நேரடியா வித்துத்தான் பழக்கம். ஆள் வருவாங்க, பேரம் பேசுவாங்க, காசைக் கொடுத்துட்டுப் படத்தைத் தூக்கிட்டுப் போவாங்க. அவ்ளோதான்.

இப்போ ஒரு கேலரியில 11 படம் கேக்குறாங்க. கன்சைன்மென்ட்னு சொல்றாங்க, அதாவது விலைக்கு வாங்காம வித்துக் கொடுக்கிறது. ஆறு மாசம் அவங்ககிட்ட இருக்கும், வித்தா 50 சதவீதம் அவங்களுக்கு. அக்ரிமென்ட் ஏதாவது போடுவீங்களான்னு கேட்டேன். "டெலிவரி சலான் தரோம், மத்தபடி நம்ம ஆர்ட்டிஸ்ட் எல்லாரும் ஃபேமிலி"ன்னு சிரிச்சாங்க. ரொம்ப நோண்டினா வாய்ப்பே போயிடுமோன்னு இருக்கு. கொடுத்துப் பழக்கமுள்ளவங்க சொல்லுங்க, குறைஞ்சபட்சம் எதை எழுதி வாங்கணும்?

களிமண்கை:

தம்பி, ஃபேமிலின்னு சொல்லிட்டாங்களா? அப்போ கண்டிப்பா எழுதி வாங்குங்க.

நான் டெரகோட்டா பண்றேன். ஒரு கேலரியில (பேர் வேண்டாம்) சில சிற்பங்கள் வச்சிருந்தேன். போன் பண்றப்பல்லாம் "மார்க்கெட் டல்லா இருக்கு மேடம்". ஒரு நாள் யாரோ ஒரு இன்டீரியர் டிசைனர், தான் முடிச்ச வீட்டோட போட்டோவைப் போட்டிருந்தாங்க. டைனிங் டேபிளுக்குப் பின்னாடி சுவர் மாடத்துல என் சிற்பம் உட்கார்ந்திருக்கு, தலைக்கு மேல ஸ்பாட் லைட்டோட. கேலரிக்குப் போய்க் கேட்டா, "அதுவா, போன சீசன்லயே போயிடுச்சே, அக்கவுன்ட்ஸ்ல சொல்லலையா?" பணம் தவணை தவணையா வந்துச்சு. ஆனா நிஜமா எவ்வளவுக்கு வித்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு தொகை சொன்னாங்க, அதுல பாதி கொடுத்தாங்க. பில் காப்பி கேட்டதுக்கு, வாங்கினவர் விவரமெல்லாம் ரகசியமாம்.

கேலரி_முன்னாள்:

நான் ரெண்டு கேலரியில வேலை பார்த்தவன், ஒண்ணு இங்க, ஒண்ணு மும்பையில. உள்ளே நடக்குறதைச் சொல்றேன். முக்கால்வாசி கேலரிக்காரங்க திருடங்க இல்ல. பிரச்சினை என்னன்னா எல்லாப் பணமும் ஒரே கரன்ட் அக்கவுன்ட்ல வந்து விழும். வாங்குறவர் கொடுத்த ரெண்டு லட்சத்துல ஒரு லட்சம் ஓவியரோடதுன்னு அந்த அக்கவுன்ட்டுக்குத் தெரியாது. அந்த மாசம் வாடகை வருது, டெல்லி ஃபேருக்கு ஸ்டால் அட்வான்ஸ் கட்டணும், அடுத்த ஷோவுக்கு கேட்லாக் அச்சடிக்கணும். கையில இருக்குறதுல கட்டிடுவாங்க, அடுத்த விற்பனையில ஈடுகட்டிக்கலாம்னு. அடுத்த விற்பனை வர்றப்ப முதல்ல பணம் வாங்குறது யாரு? தினமும் போன் பண்றவர், இல்லன்னா பெரிய பேரு. ரெண்டும் இல்லாதவங்க வரிசையில கடைசி. ஓவியரோட காசு கேலரிக்கு வட்டியில்லாக் கடன் ஆயிடுது, அவரைக் கேக்காமலே.

அதனால முதல்ல பேச வேண்டியது கமிஷன் இல்ல. பணம் கேலரி கைக்கு வந்து எத்தனை நாள்ல உங்க கைக்கு வரும்ங்கிறதைப் பேசுங்க. 30 நாள்னு கேளுங்க. வித்த உடனே, ஒரு வாரத்துக்குள்ள எழுத்துல தகவல் வரணும்னு கேளுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எது கையில இருக்கு, எது போச்சுன்னு பட்டியல் அனுப்பச் சொல்லுங்க. இதைக் கேட்டு எந்த உருப்படியான கேலரியும் ஓவியரை விரட்டினதை நான் பார்த்ததில்ல. விரட்டினா அவங்ககிட்டக் கொடுக்க வேண்டாம்னு இலவசமாத் தெரிஞ்சுக்கிட்டீங்க.

வக்கீல்_வள்ளி:

என் மேஜைக்கு இந்த மாதிரி விவகாரம் வரும்போது ஓவியர் கையில் பெரும்பாலும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கும். சட்டம் அவர் பக்கம், சாட்சியம்தான் இருக்காது.

1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி கன்சைன்மென்ட்டில் கேலரி உங்கள் ஏஜென்ட். பிரிவு 213: நீங்கள் கேட்டால் ஒழுங்கான கணக்குக் காட்டியாக வேண்டும். பிரிவு 218: உங்கள் சார்பில் வாங்கிய பணத்தை, தனக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, உங்களிடம் கொடுத்தாக வேண்டும். களிமண்கை அக்கா, ரகசியம் என்பதெல்லாம் வெளியாளுக்குச் சொல்லலாம். தன்னிடம் பொருளை ஒப்படைத்த உங்களிடமே ஏஜென்ட் விலையை மறைக்க முடியாது. வாங்கினவர் பெயரைத் தர மாட்டோம் என்றால்கூட, பெயரை மறைத்து பில் நகல் கொடுக்கலாமே.

படம் சும்மா அவர்களிடம் தொங்கும்போது அது பெய்ல்மென்ட், அதாவது திருப்பித் தர வேண்டிய ஒப்படைப்பு. பிரிவு 151 சொல்வது, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கவனம். அந்தக் கவனம் இருந்தது என்று காட்டிவிட்டால், தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பிரிவு 152 அவர்களைக் காப்பாற்றிவிடும். மாடியில் குழாய் உடைந்து தண்ணீர் வந்தது, எங்கள் தப்பு இல்லை என்பார்கள். அதனால், படம் கேலரிக்குள் நுழைந்ததிலிருந்து திரும்ப உங்கள் கைக்கு வரும்வரை எந்தச் சேதத்துக்கும் கேலரியே பொறுப்பு, இன்ன மதிப்புக்குக் காப்பீடு என்று எழுத வேண்டும்.

ரொம்ப முக்கியமானது இனிமேல்தான். சில சலான்களில் மேலேயே விற்பனை அல்லது திருப்புதல் என்று அச்சடித்திருப்பார்கள். அதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். 1930ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டம் பிரிவு 24 பிரகாரம், அப்படிக் கொடுத்த பொருளை எதிராளி குறித்த காலத்துக்கு மேல், வேண்டாம் என்று தெரிவிக்காமல் வைத்துக்கொண்டாலே உரிமை அவருக்குப் போய்விடலாம். அதன்பிறகு நீங்கள் படத்தின் சொந்தக்காரர் இல்லை, பாக்கி கேட்டு நிற்கும் கடன்காரர்களில் ஒருவர். சலானிலேயே கையால் எழுதுங்கள்: "ஏஜென்ட்டாக விற்பதற்கு மட்டும் கொடுக்கப்பட்டது. விற்கும்வரை உரிமை ஓவியருடையது. விற்ற பணத்தில் ஓவியரின் பங்கு அவருக்காக வைத்திருக்கும் பணம்."

கேலரி ஒரு கம்பெனியாக இருந்து திவாலானால் இந்த வரிகளுக்கு எடை வரும். 2016ஆம் வருடத் திவால் சட்டம் பிரிவு 36(4), மற்றவருக்குச் சொந்தமாக இருந்து கம்பெனியிடம் பெய்ல்மென்ட்டாகவோ நம்பிக்கையின் பேரிலோ இருக்கும் சொத்தைக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் சொத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் படம் உங்களுடையது என்று காட்ட ஒரு தாள் வேண்டும், அதில் படத்தின் அளவும் போட்டோவும் இருக்க வேண்டும். கேலரி தனி ஒருவரின் புரொப்ரைட்டர்ஷிப் என்றால் வேறு கதை. அங்கே பாக்கிக்கு அந்த ஆளே நேரடியாகப் பொறுப்பு. ஆகவே யாரோடு ஒப்பந்தம் போடுகிறீர்கள், போர்டில் இருக்கும் பெயரா, அதன் பின்னால் இருக்கும் நிறுவனமா என்பதை முதலில் பாருங்கள்.

அல்சூர்_தூரிகை:

ரொம்ப நன்றிங்க மேடம். ஒரு சந்தேகம். பணம் வரலைன்னா வாங்கினவர் வீட்டுக்கே போய், இது என் படம், கொடுங்கன்னு கேக்கலாமா? உரிமை என்னோடதுன்னு எழுதியிருக்கோமே?

வக்கீல்_வள்ளி:

கேட்கலாம், கிடைக்காது. அதே 1930 சட்டம் பிரிவு 27. சொந்தக்காரர் சம்மதத்தோடு ஒரு வியாபார ஏஜென்ட் கையில் பொருள் இருந்து, அவர் வழக்கமான வியாபாரத்தில் விற்று, வாங்கியவருக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், அந்த விற்பனை செல்லும். கேலரிக்கு விற்கும் அதிகாரம் இல்லை என்று பிறகு நீங்கள் சொன்னாலும் செல்லும். நீங்கள்தானே படத்தைக் கொடுத்து, சுவரில் மாட்டச் சொன்னீர்கள்.

அதாவது படம் ஒருமுறை வெளியே போய்விட்டால் உங்கள் பிடி கேலரியின் மேல் மட்டும்தான். அதனால்தான் கேலரி_முன்னாள் சொன்ன 30 நாள் என் சட்டப் பிரிவுகளை எல்லாம்விட உபயோகமானது. ஒரே சமயத்தில் 11 படத்தையும் கொடுக்காமல் இருப்பது அதைவிட உபயோகமானது.

சிவாஜிநகர்_பிரேம்:

நான் பிரேம் கடைக்காரன். கேலரியிலிருந்து திரும்பி வர்ற படம் என் மேஜைக்குத்தான் வரும். எந்த வக்கீலும் பார்க்காத ஒண்ணைச் சொல்றேன்: படத்தோட முதுகைப் பாருங்க.

கொடுக்குறதுக்கு முன்னாடி முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒரு போட்டோ, நாலு மூலைக்கும் கிட்ட வச்சு நாலு போட்டோ எடுங்க, பகல் வெளிச்சத்துல. பின்னாடி ஸ்ட்ரெச்சர் கட்டையில (கேன்வாஸை இழுத்துக் கட்டியிருக்குற மரச்சட்டம்), துணியில இல்ல, கட்டையில, பேரு, தலைப்பு, வருஷம், அளவு, உங்க வரிசை எண் எழுதுங்க. அதே எண் சலான்லயும் இருக்கணும். "தலைப்பிடாதது, அக்ரிலிக்"னு ஒரே ஓவியர் நாலு படம் கொடுத்து, எது போச்சு எது இருக்குன்னு ரெண்டு பக்கமும் சண்டை போட்டதை என் கடை வாசல்லயே பார்த்திருக்கேன்.

திரும்பி வர்றப்ப பார்க்க வேண்டியது: மழைக்காலத்துல ஈரச்சுவரோட ஒட்டிச் சாத்தி வச்சிருந்தா துணியோட பின்பக்கம் கீழ் ஓரத்துல சாம்பல் கலர்ல பூஞ்சை புள்ளி புள்ளியா ஏறியிருக்கும். முன்னாடி ஒண்ணும் தெரியாது. ஒரு படத்து மேல இன்னொண்ணைச் சாய்ச்சா கட்டை விளிம்பு துணியை அழுத்தி நேர்க்கோடா ஒரு பள்ளம் விழும். அக்ரிலிக் படத்தைப் பபிள் ராப்ல நேரா சுத்தி வெயில்ல டெம்போவுல அனுப்பினா அந்தக் குமிழி வட்டம் வட்டமா பெயின்ட்லயே பதிஞ்சிடும், பளபளப்பு போயிடும். அதை என்னாலயும் எடுக்க முடியாது. உள்ளே பட்டர் பேப்பரோ கிளாசைன்ங்கிற வழவழப்பான மெல்லிசுத் தாளோ போட்டு, அதுக்கு மேல பபிள் ராப். திரும்ப அனுப்பும்போதும் இப்படித்தான் கட்டணும், வண்டிச் செலவு யாரோடதுன்னும் எழுதுங்க. வித்தா ஓடியாடி டெலிவரி பண்ணுவாங்க. விக்கலைன்னா "வந்து எடுத்துக்கோங்க"ன்னுடுவாங்க.

கணக்கு_ஜெயநகர்:

கமிஷன் 50 சதவீதம்னா பாதி வரும்னு நினைச்சிருக்கீங்களா? கொஞ்சம் பொறுங்க.

படத்து விலை 1,00,000. கமிஷன் 50,000. கேலரி ஜிஎஸ்டி பதிவு உள்ளதுன்னா அந்தக் கமிஷன் ஒரு சேவை, அதுக்கு 18 சதவீதம், 9,000. இதை உங்க தலையில போட்டா உங்க கைக்கு 41,000. நீங்க பதிவு இல்லாதவர்னா அந்த 9,000 திரும்பி வரவே வராது. அதனால 50 சதவீதம்ங்கிறது வரி உள்பட்டதா, வரி தனியான்னு கேட்டு எழுதுங்க. படத்து மேல போடுற வரி வேற விஷயம், அது வாங்குறவர் கொடுக்குறது. கையால வரைஞ்ச ஓவியத்துக்கு 12 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22லிருந்து 5 சதவீதம் ஆயிடுச்சு.

இன்னொரு ஓட்டை தள்ளுபடி. பழைய வாடிக்கையாளருக்கு 20 சதவீதம் குறைச்சு 80,000க்குக் கொடுத்தாங்கன்னு வைங்க. ரெண்டு பேரும் பங்கிட்டா ஆளுக்கு 40,000. பட்டியல் விலையில கமிஷன்னு அவங்க கணக்குப் போட்டா அவங்களுக்கு 50,000, உங்களுக்கு 30,000. இந்த மாதிரி ஒரு கணக்குச் சீட்டை நானே பார்த்திருக்கேன். 10 சதவீதம் வரைக்கும் கேலரி இஷ்டம், சுமையில பாதிப்பாதி, அதுக்கு மேல போனா ஓவியரோட எழுத்துச் சம்மதம்னு போடுங்க.

வெளி மாநில கேலரிக்கு அனுப்புறதா இருந்தா முன்னாடியே ஒரு ஆடிட்டரைப் பாருங்க. மாநிலம் தாண்டி விக்கிறப்ப, வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம்ங்கிற வரம்பு எல்லாம் உதவாது, 50,000க்கு மேல மதிப்பிருந்தா இ-வே பில்லும் (சரக்கு வண்டியில போறதுக்கான ஆன்லைன் சீட்டு) வேணும்.

கோடும்_புள்ளியும்:

எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. இவ்வளவு பத்திரம் எழுதி ஒருத்தர்கிட்டப் பொருளைக் கொடுக்கணும்னா ஏன் கொடுக்கணும்? 1966ல கே.சி.எஸ். பணிக்கர் கூட சேர்ந்து சென்னையில ஓவியர்கள் சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கினப்ப பத்திக் துணியும் கைவினைப் பொருளும் வித்து வயித்தைக் கழுவிக்கிட்டே படம் வரைஞ்சாங்க, கேலரி தயவை நம்பி நிக்கல. மும்பை ஜஹாங்கீர் கேலரியை வாடகைக்கு எடுத்துத் தானே வித்துக்கிட்ட ஓவியர்கள் எத்தனை பேர்! இங்க சித்ரகலா பரிஷத்துலயும் ஹால் வாடகைக்கு எடுக்கலாம். 50 சதவீதம் கொடுக்குறதுக்கு வாடகை எவ்வளவோ மேல்.

மாட்டுங்கா_மணி:

அண்ணா, ஜஹாங்கீர்ல ஹால் கிடைக்க வருஷக்கணக்கில காத்திருக்கணும், அது தெரியும்ல? கிடைச்சாலும் வாடகை, அழைப்பிதழ், படத்தை மாட்டுற ஆள் எல்லாம் கைக்காசு, ஒண்ணும் விக்கலைன்னா மொத்தமும் நஷ்டம். கன்சைன்மென்ட்ல அந்த நஷ்டம் கேலரிக்கு. 50 சதவீதத்துல ஒரு பங்கு அதுக்குத்தான்.

பெரிய கேலரின்னா பயமில்லைன்னும் யாரும் நினைச்சுடாதீங்க. நியூயார்க்ல சாலண்டர்-ஓ'ரைலின்னு ஒரு கேலரி, மேன்ஹாட்டன்ல மாளிகை மாதிரி கட்டடம். 2007ல மூடினாங்க. கன்சைன்மென்ட்ல வந்த படங்களை வித்துட்டு சொந்தக்காரங்களுக்குச் சொல்லவே இல்ல. ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸோட மகன்கூட ஏமாந்தவர்கள்ல ஒருத்தர். 2010ல லாரன்ஸ் சாலண்டர் குற்றத்தை ஒப்புக்கிட்டு 6 முதல் 18 வருஷம் சிறைத் தண்டனை வாங்கினார். ஓவியர் கொடுத்த படமும் அது வித்த பணமும் கேலரி கையில நம்பி ஒப்படைச்ச சொத்து (டிரஸ்ட்) மாதிரின்னு நியூயார்க்ல ஏற்கெனவே சட்டம் உண்டு. இதுக்கப்புறம் 2012ல அதை இன்னும் இறுக்கினாங்க. நம்ம ஊர்ல ஓவியருக்குன்னு அப்படித் தனிச் சட்டம் இல்ல. வள்ளி மேடம் சொன்ன அந்த மூணு வரியை நாமளேதான் எழுதிக்கணும்.

களிமண்கை:

கோடும்_புள்ளியும் அண்ணா சொல்றதும் தப்பில்ல. ஆனா ஹால் எடுத்து நானே நின்னப்ப வந்தவங்க எல்லாம் என் தெரு ஆளுங்களும் சொந்தக்காரங்களும்தான். கேலரிக்காரர் கூட்டிட்டு வர்ற ஆள் வேற. அந்த ஆளுக்குத்தான் நாம கமிஷன் கொடுக்கிறோம்.

ஜேபி_நகர்_ஜானகி:

சிறுதொழில்களுக்கான எம்எஸ்எம்இ சட்டத்துல உத்யம்ங்கிற அரசுப் பதிவு பண்ணிட்டா 45 நாள்ல பணம் கொடுத்தே ஆகணும், இல்லன்னா வங்கி வட்டியைப் போல மூணு மடங்கு வட்டின்னு கேள்விப்பட்டேனே? அதை யாரும் சொல்லலையே?

வக்கீல்_வள்ளி:

2006ஆம் வருடச் சட்டம், பிரிவு 15, 16. நீங்கள் சொன்ன 45 நாளும், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியும் உண்மை. ஆனால் அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே. கன்சைன்மென்ட்டில் கேலரி வாங்குவதில்லை, விற்றுக் கொடுக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் எடுப்பார். கேலரி உங்களிடம் நேராக விலைக்கு வாங்கியிருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கன்சைன்மென்ட்டுக்கு, தாமதமானால் மாதம் இத்தனை சதவீதம் வட்டி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது மேல்.

கேட்காமலே இன்னும் ரெண்டு சொல்லிவிடுகிறேன். முதலில் சொன்ன ஒப்பந்தச் சட்டம் பிரிவு 171 பிரகாரம், வேறு மாதிரி எழுதவில்லை என்றால், விற்பனை ஏஜென்ட் தனக்கு வர வேண்டிய பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கேட்லாக் செலவு பாக்கி, பிரேம் செலவு பாக்கி என்று படத்தைத் திருப்பித் தராமல் இழுப்பது இதை வைத்துத்தான். எந்தப் பாக்கிக்காகவும் படத்தை நிறுத்தி வைக்கும் உரிமை இல்லை என்று ஒரு வரி போதும். அடுத்தது பதிப்புரிமை. படம் விற்றாலும் 1957 சட்டப்படி பதிப்புரிமை உங்களிடமே இருக்கும், எழுதிக் கொடுத்தால்தான் போகும். கேட்லாக்குக்கும் இணையத்தில் விளம்பரத்துக்கும் படம் போட அனுமதி கொடுங்கள். பிரிண்ட் போட்டு விற்க வேண்டுமானால் தனியாகப் பேசட்டும்.

பணம் பாக்கியானால் போலீசுக்குப் போகலாமா என்று தனிமடலில் கேட்டிருந்தார்கள். நம்பி ஒப்படைத்த பொருளையோ பணத்தையோ கையாடினால் அது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 316. ஆனால் ஸ்டேஷனில் பெரும்பாலும், இது சிவில் மேட்டர் என்று திருப்பி அனுப்புவார்கள். அதைவிட, விற்ற தகவலோடு சேர்த்துத் தேதியிட்ட செக் ஒன்று வாங்கிவிடுங்கள். திரும்பினால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர்களுக்கு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் (Negotiable Instruments Act) பிரிவு 138ல் புகார். கணக்கு வழக்காகப் போவதானால் மூன்று வருடம் தாண்டவிடாதீர்கள்.

அல்சூர்_தூரிகை:

அப்டேட். வள்ளி மேடம் சொன்ன வரிகளையும் கணக்கு சார் சொன்ன தள்ளுபடி கணக்கையும் ஒண்ணரைப் பக்கத்துல டைப் பண்ணி மெயில் அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்ல. வாய்ப்பு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் கேலரி மேனேஜர் கூப்பிட்டாங்க. உரிமை, எடுத்துப் போற வர்ற செலவு, பில் நகல் எல்லாம் சரின்னாங்க. 30 நாளுக்கு ஒத்துக்கல, 45 கேட்டாங்க, விட்டேன். கமிஷன் 50 வரி உள்பட. காப்பீடு இருக்கு, ஆனா பாலிசி நகல் காட்ட மாட்டேங்கிறாங்க. 11க்குப் பதிலா 4 படம் கொடுக்கிறதா சொல்லியிருக்கேன், முதல் பணம் வந்ததும் மீதி. அதுக்குக் கொஞ்சம் முகம் சுளிச்சாங்க.

கேலரி_முன்னாள்:

4 நல்ல முடிவு. முகம் சுளிக்கிறது அவங்க வேலையில ஒரு பகுதி, கண்டுக்காதீங்க. பாலிசி நகல் காட்டாட்டி காப்பீடு கட்டடத்துக்கு மட்டும் இருக்கலாம், மத்தவங்க பொருளுக்கு இல்லாம இருக்கலாம். நிறைய இடத்துல அப்படித்தான். மேனேஜரை விட்டுட்டு ஓனருக்கே மெயில் போடுங்க: "என் 4 படமும் இன்ன மதிப்புக்கு உங்க பாலிசியில அடங்குமா?" பதில் ஒரு வரி வந்தாலும் அது எழுத்து.

சிவாஜிநகர்_பிரேம்:

கொண்டுபோய்க் கொடுக்குற அன்னைக்கு சலான்ல அவங்க கையெழுத்துக்குப் பக்கத்துல "நல்ல நிலையில் பெறப்பட்டது"ன்னு அவங்க கையாலயே எழுதச் சொல்லுங்க தம்பி. ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் போட்டா பத்தாது.

வக்கீல்_வள்ளி:

ஒப்பந்தத்தை இ-ஸ்டாம்ப் தாளில் போடுங்கள், ரெண்டு பேரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, படப் பட்டியல் இணைப்பாக. மாதிரி வேண்டுமானவர்கள் தனிமடல் போடுங்கள், வேர்டு ஃபைலாக அனுப்புகிறேன். திங்கள், செவ்வாய் கோர்ட் இருக்கிறது, பதில் புதன் கிழமைதான் வரும்.